இரண்டு குடியுரிமை, ஒரு பாஸ்போர்ட்

மார்ச் கணக்கு முடிப்பு, அதன் பின்னால் வரும் ஆடிட் எல்லாம் ஓய்ந்து இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. இரண்டு மூன்று மாதமாக எங்கள் குடும்பத்தில் போனில் பேசிப் பேசித் தீர்த்த ஒரு விஷயத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பிள்ளையை ஐரோப்பாவுக்குப் படிக்க அனுப்ப நினைப்பவர்கள், அதிலும் "எங்க பையனுக்கு இன்னொரு நாட்டுக் குடியுரிமையும் இருக்கு" என்று சொல்லக்கூடியவர்கள், பொறுமையாகப் படியுங்கள். கொஞ்சம் நீளமான பதிவு, முன்கூட்டியே சொல்லிவிட்டேன் :-)

எனக்கு ஊர் காரைக்கால் பக்கம். பி.காம். முடித்து, வங்கித் தேர்வு எழுதி, ஊர் ஊராக மாறுதல் வாங்கி இப்போது மும்பையில் இருக்கிறேன். காரைக்கால் என்றால் சனிபகவான் கோயில் மட்டும் தெரிந்தவர்களுக்காகக் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டியிருக்கிறது. அது இல்லாமல் இந்தக் கதை புரியாது.

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தவை. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்தானது 1956 மே 28. ஆனால் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அன்றைய தேதியில் அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் தானாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

என் அக்காவின் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரை போய் வந்தவர். எங்கள் பக்கம் அந்த வீடுகளை 'சொல்தா வீடு' என்பார்கள். அவர் எழுதிக் கொடுத்தார். அவருடைய தம்பி பள்ளிக்கூட வாத்தியார், அவர் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான், கிணறும் ஒன்றுதான். அண்ணன் வீட்டில் எல்லோரும் பிரெஞ்சுக் குடிமக்கள், தம்பி வீட்டில் எல்லோரும் இந்தியர்கள். நல்லது கெட்டது எல்லாம் சேர்ந்துதான் நடக்கும். தேர்தல் வந்தால் மட்டும் தம்பி வீட்டார் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுப் போடப் போவார்கள். அண்ணன் வீட்டார் பாரிசில் உட்காரப் போகிறவருக்கு ஓட்டுப் போடுவார்கள்.

அத்தான் அந்த வகையில் பிறப்பிலேயே பிரெஞ்சுக்காரர். அக்கா கல்யாணத்துக்குப் பிறகும் இந்தியக் குடியுரிமையை விடவில்லை. அவர்களுக்கு ஒரே பையன், பாபு. இப்போது பதினெட்டு முடிந்துவிட்டது, பன்னிரண்டாம் வகுப்பும் எழுதிவிட்டான். பிரான்சில் அறிவியல் பட்டப்படிப்பு படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாபு எந்த நாட்டுக்காரன்?

பிரெஞ்சுச் சட்டப்படி தகப்பனோ தாயோ பிரெஞ்சுக்காரராக இருந்தால் பிள்ளையும் பிரெஞ்சுக்காரன்தான். எங்கே பிறந்தாலும் சரி. அவன் பிறந்ததுமே அத்தான் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்துவிட்டார். இந்தியச் சட்டமோ வேறு கணக்கு வைத்திருக்கிறது. 2004 டிசம்பர் 3-ஆம் தேதியிலிருந்து இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்து மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இல்லாமல் இருந்தால் போதும், குழந்தை இந்தியக் குடிமகன். ஆக பாபு பிறந்த அன்றைக்கே இரண்டு நாட்டுச் சட்டமும் "இவன் என் பிள்ளை" என்று சொல்லிவிட்டன. அவனாக எதையும் கேட்கவில்லை.

சிங்கப்பூர் போவதற்காகப் பத்து வயதில் அக்கா அவனுக்கு இந்திய பாஸ்போர்ட் எடுத்தாள். பிரெஞ்சு பாஸ்போர்ட் இதுவரை எடுக்கவில்லை. இந்த 'இதுவரை எடுக்கவில்லை' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்வதில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகனாக இருக்க முடியாது என்கிறது. பாபு விரும்பிப் பெறவில்லையே, பிறப்பால் வந்ததுதானே என்று கேட்கலாம். அதற்கு 2009-ஆம் ஆண்டு விதிகளில் பதில் இருக்கிறது. இன்னொரு நாட்டு பாஸ்போர்ட்டை வாங்கினால் அதுவே அந்த நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றதற்கு முடிவான சான்று. அதாவது பிறப்பால் வந்த குடியுரிமை பெட்டிக்குள் சும்மா இருக்கும் வரை பிரச்சினை எழவில்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்த நாளில் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

பிரான்ஸ் பக்கத்திலிருந்து இதில் தடையே கிடையாது. அவர்கள் இரண்டு குடியுரிமையையும் அனுமதிக்கிறார்கள். இலங்கையும் விண்ணப்பித்துப் பெறும் வகையில் இரட்டைக் குடியுரிமை தருகிறது. அதனால் பாரிசில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் "நான் ரெண்டும் வச்சிருக்கன்" என்று சொன்னால் அது அவருக்குச் சரி. நமக்குப் பொருந்தாது.

இந்த நேரத்தில்தான் ஒரு டிராவல் ஏஜென்ட் குடும்பத்துக்குள் நுழைந்தார். "ரெண்டையும் வச்சுக்குங்க சார். போறப்ப இது, வர்றப்ப அது. வேற நாட்டு வழியா சுத்திப் போனா யாருக்குத் தெரியப் போகுது? எத்தனை பேர் செய்யறாங்க!" அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிள்ளை எதையும் இழக்க வேண்டாமே! உடனே எனக்குப் போன். "தம்பி, நீ பேங்க்ல இருக்கே, உனக்குத் தெரியாததா? இப்படிச் செய்யலாம்தானே?"

கூடாது என்று சொன்னேன். வேற்று நாட்டுக் குடியுரிமை வந்த பிறகு இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், அதற்கு ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதை வைத்துக்கொண்டே பயணம் செய்தால் அபராதம். அதோடு முடிவதில்லை. நாளைக்கு அவன் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பதே அந்த ஒப்படைப்புச் சான்றிதழைத்தான். பிரெஞ்சு பாஸ்போர்ட் வழங்கிய தேதி ஒரு பக்கம், இந்திய பாஸ்போர்ட்டில் அதற்குப் பிந்திய முத்திரை இன்னொரு பக்கம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருபது வருஷமாகக் கவுன்டரில் உட்கார்ந்து கே.ஒய்.சி. பார்க்கிறவன் நான். காகிதத்தில் இருக்கும் தேதி மறக்காது. மனிதர்கள்தான் மறப்பார்கள்.

சரி, இரண்டில் ஒன்றுதான் என்றால் எது? இங்கேதான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். நாங்கள் போட்ட கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் வரவு.

பிரான்சின் அரசுப் பல்கலைக்கழகங்களில் 2019-இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குத் தனிக் கட்டணம். அந்த வருஷக் கணக்கில் இளங்கலைக்கு அவர்களுக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ, பிரெஞ்சு மாணவருக்கு 170 யூரோ. பிறகு இரண்டும் கொஞ்சம் ஏறியிருக்கின்றன. பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கும் விலக்குத் தருகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலக்கே இல்லை என்று வைத்தாலும் மூன்று வருஷத்தில் வித்தியாசம் 7,800 யூரோ. ஊரில் பேசிக்கொள்கிற மாதிரி அரைக் கோடி, ஒரு கோடி எல்லாம் இல்லை.

சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தள்ளுபடி கொடுக்க மாட்டார்கள். மாணவர் விசாவுக்கு மாதம் 615 யூரோ கைவசம் இருப்பதாகக் காட்டச் சொல்கிறார்கள். விசா வேண்டாதவனுக்கும் வயிறு அதேதான். மூன்று வருஷத்துக்குப் போட்டால் 22,000 யூரோவைத் தாண்டுகிறது. பெரிய செலவு அதுதான்.

நாடு மாறினால் கணக்கும் மாறும். நெதர்லாந்தில் ஐரோப்பியக் குடிமகனுக்கு 2025-26-இல் சட்டப்படியான கட்டணம் 2,601 யூரோ. வெளியாருக்கு அதைப்போலப் பல மடங்கு. அங்கே பாஸ்போர்ட்டுக்கு உண்மையிலேயே பெரிய மதிப்பு. ஜெர்மனியிலோ பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகத்தில் யாருக்குமே கல்விக் கட்டணம் இல்லை. நம் பிள்ளைகளுக்கு அங்கே தடை முடக்கக் கணக்கில் போட வேண்டிய பணம்தான். ஆண்டுக்கு 11,904 யூரோ. ஐரோப்பிய பாஸ்போர்ட் இருந்தால் அது தேவையில்லை.

இன்னொரு விஷயம். பாஸ்போர்ட் இருந்தால் எல்லா இடத்திலும் உள்ளூர்க் கட்டணம் என்று நினைத்துவிடாதீர்கள். அயர்லாந்தில் கட்டணச் சலுகைக்கு, கடைசி ஐந்து வருஷத்தில் மூன்று வருஷமாவது அந்தப் பகுதி நாடுகளில் வசித்திருக்க வேண்டும். காரைக்காலில் வளர்ந்த பிரெஞ்சுக்காரனுக்கு அது கிடைக்காது. இங்கிலாந்தில் 2021-இலிருந்து புதிதாக வரும் ஐரோப்பியர்களும் பொதுவாக வெளிநாட்டுக் கட்டணம்தான் கட்ட வேண்டும்.

அப்படியானால் பாபுவுக்கு உண்மையான லாபம் எங்கே? வேலையில். இந்திய பாஸ்போர்ட்டில் மாணவனாகப் போனால் பிரான்சில் ஆண்டுக்கு 964 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். படிப்பு முடிந்ததும் அனுமதிக்கு அலைய வேண்டும். பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் அந்தக் கவலை இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் அரசு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். படித்து முடித்து பெல்ஜியமோ ஸ்பெயினோ போய் வேலை பார்ப்பதற்கும் யாரையும் கேட்க வேண்டாம். கட்டணத்தில் மிச்சமாவதைவிட இது பெரிது.

இப்போது செலவுப் பக்கம்.

இந்தியக் குடிமகனாக இல்லாமல் போனால் ஓ.சி.ஐ. அட்டை வாங்கலாம். 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் என்று சட்டத்திலேயே தனி வரி இருக்கிறது. நம்ம ஊரை நினைத்து எழுதின மாதிரியே இருக்கும். ஆயுள் முழுக்க விசா இல்லாமல் வந்து போகலாம், தங்கலாம். "பெத்த வீட்டுக்கு வர்றதுக்கு எம்புள்ள விசா வாங்கணுமா?" என்று அக்கா அழுததற்கு இதுதான் பதில். ஆனால் பெயரில் குடிமகன் என்று இருந்தாலும் ஓ.சி.ஐ. குடியுரிமை ஆகாது. ஓட்டு இல்லை. பொதுவாக அரசு வேலை இல்லை. 2021 மார்ச் 4-ஆம் தேதி அறிவிப்புக்குப் பிறகு அட்டை வாங்கினவர்களுக்கு நீட், ஜே.இ.இ. போன்ற தேர்வுகளில் வெளிநாடுவாழ் இந்தியர் இடங்கள்தான். 2023-இல் உச்ச நீதிமன்றம் பழைய அட்டைக்காரர்களுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்றது. பாபு இனிமேல் வாங்குகிறவன்.

பிறகு நிலம். எங்கள் அப்பா திருநள்ளாறு பக்கம் ஆறு மா நஞ்சையை அக்கா பேருக்கு எழுதி வைத்தார். பையனுக்குப் பதினெட்டு ஆனதும் அவன் பேருக்கு மாற்றிவிட வேண்டும் என்பது அக்காவின் கனவு. வெளிநாட்டில் வாழும் ஓ.சி.ஐ. அட்டைக்காரர் விவசாய நிலம் வாங்க முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. ஆனால் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்றால் இங்கே வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். அதனால் அக்கா பேரிலேயே இருக்கட்டும், உயில் எழுதினால் போதும் என்று முடிவு செய்தோம். நாகப்பட்டினத்து வக்கீல் ஒருவரும் அதையே சொன்னார். உங்கள் வீட்டில் இப்படி நிலம் இருந்தால் தானப்பத்திரத்துக்கு ஓடுவதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கல்விக்கடன் பற்றியும் ஒரு வார்த்தை. வேற்று நாட்டு பாஸ்போர்ட் உள்ள மாணவருக்கு எல்லா வங்கியும் எல்லாத் திட்டத்திலும் கடன் தருவதில்லை. 'பார்த்துக்கலாம் சார்' என்று கிளையில் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். படிக்கப் போகிறவர் எந்த பாஸ்போர்ட்டில் போனாலும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக மாற்ற வேண்டும். வெளிநாட்டில் படிக்கும் மாணவரையும் வெளிநாடுவாழ் இந்தியராகத்தான் கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2003-லேயே சொல்லிவிட்டது.

இவ்வளவும் பேசிவிட்டு எல்லோரும் களைத்துப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவரை வாயே திறக்காத அத்தான் போனை வாங்கினார். "மாப்ள, எங்கப்பாவுக்கு ஆறு மாசம் டைம் கொடுத்தாங்க. சித்தப்பாவுக்கும் அதே ஆறு மாசம்தான். ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணாங்க. யாரும் ரெண்டையும் வச்சுக்கிட்டு மறைக்கணும்னு நினைக்கல. இவனும் அப்படியே பண்ணட்டும். எதை எடுத்தாலும் எடுத்தேன்னு சொல்லிட்டு எடுக்கட்டும்."

அதற்குப் பிறகு ஏஜென்ட் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

எங்கள் முடிவு இதுதான். பாபு பிரெஞ்சுக் குடிமகன் என்ற முறையில் அந்நாட்டு மாணவர்கள் விண்ணப்பிக்கும் 'பார்குர்சுப்' வழியாக விண்ணப்பித்துவிட்டான். (நம் ஊர் மாணவர்கள் போகும் 'கேம்பஸ் பிரான்ஸ்' வழி வேறு.) பிரெஞ்சு மொழிக்கு பி-2 தேர்வும் எழுதியிருக்கிறான். பாஸ்போர்ட் கிடைத்தால் பாஷை தானாக வந்துவிடாது என்பதை நிறைய சொல்தா வீட்டுப் பிள்ளைகள் அங்கே போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஜே.இ.இ.யும் எழுதியிருக்கிறான். புதுச்சேரி என்.ஐ.டி. இருப்பதே காரைக்காலில்தான், வீட்டிலிருந்து பஸ்ஸில் போகலாம். ஜூனில் பிரான்சிலிருந்து பதில் வரும். இடம் கிடைத்து, போவது என்று அவன் உறுதியாகச் சொன்ன பிறகுதான் பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம். அதன் பின் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது, ஓ.சி.ஐ. வாங்குவது, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீக்கச் சொல்வது, இந்த வரிசையில். இங்கிருந்தபடியே எடுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் இந்திய விசா இருக்காது. அதனால் அந்நியர் பதிவு அலுவலகத்துக்கும் போக வேண்டியிருக்கும். அதற்கு நாள் பிடிக்கும் என்று முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கிறோம். இடம் கிடைக்காவிட்டால் எதையும் தொட வேண்டாம். பிறப்பால் வந்தது பெட்டியிலேயே இருக்கட்டும்.

மும்பையில் இதே கதை வேறு வேஷத்தில் நடக்கிறது. எங்கள் கிளையில் ஒரு கோவாக்காரர். 1961 டிசம்பர் 19-க்கு முன் கோவாவில் பிறந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் போர்ச்சுகீசியக் குடியுரிமை கேட்கலாம். அவர் மகள் லிஸ்பனில் படிக்கப் போகிறாள். அவர்களும் எங்களைப் போலவே ராத்திரி ராத்திரியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளோடு இந்தியா திரும்பி வந்த நம் குடும்பங்களுக்கும் ஒன்று. அமெரிக்கக் குடியுரிமையோடு ஐரோப்பிய நாட்டுக் குடியுரிமையும் இருந்தால் இரண்டு பாஸ்போர்ட்டும் சட்டப்படியே வைத்திருக்கலாம். ஐரோப்பாவுக்குள் நுழைய ஐரோப்பிய பாஸ்போர்ட், அமெரிக்காவுக்குள் நுழைய அமெரிக்க பாஸ்போர்ட் என்று பிசகாமல் இருக்க வேண்டும். இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். நம் இனிஷியல் பண்ணும் கூத்துதான் தெரியுமே! ஆனால் அமெரிக்கக் குடிமகன் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே வருமானக் கணக்குக் காட்ட வேண்டியவன். வெளிநாட்டுக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் பிள்ளை பேரையும் சேர்த்து இங்கே போட்டிருக்கும் வைப்பு நிதியும் அதில் வரலாம், மறந்துவிடாதீர்கள்.

பாபுவிடம் நேற்று பேசினேன். "மாமா, இங்க இருந்தா அடுத்த எலெக்‌ஷன்ல ஓட்டுப் போடுவேன். போயிட்டா அப்பாவோட சேர்ந்து அந்த ஊருக்குப் போடுவேன். எப்படியும் ஒரு ஓட்டு உண்டு, விடுங்க" என்றான். அக்கா பக்கத்திலிருந்து ஏதோ திட்டினாள், சரியாகக் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், கல்லூரி விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதும்போது பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும். கையெழுத்து அவனுடையது. ஜூனில் பதில் வந்ததும் சொல்கிறேன்.